பாக்கெட் யோயோ: எவ்வளவு சின்னது போதும்?

பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிய ஒரு யோயோ வேண்டும் என்று தேடுகிறவர்களில் பெரும்பாலோர் "இருப்பதிலேயே சின்னது எது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போனும் பர்ஸும் வண்டிச் சாவியும் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கிற ஜீன்ஸ் பாக்கெட்டை நினைத்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், யோயோவின் அளவு கொஞ்சம் குறைந்தாலே அதன் ஆட்டம் நிறையக் குறைந்துவிடும். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அகலத்தைக் குறையுங்கள். சுண்டி இழுத்தால் கைக்குத் திரும்பி வருகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். விட்டம் 45 முதல் 50 மி.மீ., அகலம் 30 மி.மீ. சுமார். காரணம் புரிந்துவிட்டால் கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாலும் அது தேறுமா தேறாதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அளவுகளில் இருந்து தொடங்கலாம். இன்று போட்டி மேடைகளில் ஆடுகிறவர்கள் கையில் இருக்கும் உலோக யோயோ பெரும்பாலும் 55 முதல் 57 மி.மீ. விட்டமும், 40 முதல் 45 மி.மீ. அகலமும், 62 முதல் 68 கிராம் எடையும் கொண்டது. அகலம் என்றால் ஒரு பக்கத்து வெளி விளிம்பில் இருந்து மறுபக்கத்து வெளி விளிம்பு வரை. வீட்டில் வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மி.மீ.; இரண்டை ஒட்டி வைத்தால் 54. ஒரு நாணயத்தின் எடை 7.71 கிராம்; எட்டு நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் முழு அளவு யோயோவின் கனம் பிடிபட்டுவிடும். 50 மி.மீ.க்குக் கீழே வந்தால் அண்டர்சைஸ், 45-க்கும் கீழே போனால் மினி, 30-க்குப் பக்கத்தில் வந்தால் சாவிக்கொத்து யோயோ. இந்தக் கோடுகளை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

திரும்பி வருவதும் வராததும்

யோயோவில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரண்டு பாதிகள், அவற்றை இணைக்கும் ஓர் அச்சு, அந்த அச்சைச் சுற்றி ஒரு கயிறு. கயிறு அச்சில் கட்டப்படுவதில்லை, வளையமாக மாட்டித்தான் இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டிவிட்டால் யோயோ கீழே போய் உடனே மேலே வரும், அவ்வளவுதான். வளையமாக மாட்டினால் கயிற்றின் அடியில் நின்றபடியே சுழலும். அதைத்தான் யோயோ தூங்குகிறது என்கிறோம். இந்தப் பிலிப்பைன்ஸ் பாணி யோயோவை அமெரிக்காவில் பரப்பியவர் பெத்ரோ புளோரஸ். பிலிப்பைன்ஸில் இருந்து குடியேறிய அவர் 1928-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ கம்பெனி தொடங்கினார். பிறகு அந்தத் தொழில் டொனால்ட் டங்கன் கைக்குப் போய், டங்கன் என்ற பெயர் இன்றுவரை கடைகளில் நிற்கிறது.

அந்தக் காலத்து யோயோவில் கயிறு நேரடியாக அச்சின் மேலேயே உரசும். இப்போது பெரும்பாலானவற்றில் அச்சின் மேல் ஒரு பால் பேரிங் உட்கார்ந்திருக்கிறது. கயிறு பேரிங்கைச் சுற்றி நிற்க, யோயோ மட்டும் சுழலும். உராய்வு குறைவதால் தூக்கம் நீளும். ஆனால் உராய்வு குறைந்தால் திரும்பி வருவதும் கஷ்டம். கயிறு எதையாவது பிடித்தால்தானே யோயோ அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும்? அந்தப் பிடிப்புக்காகத்தான் இரு பாதிகளின் உள்பக்கத்தில் சிலிக்கோன் வட்டத் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்கு ரெஸ்பான்ஸ் பேட் என்று பெயர்.

இங்கேதான் யோயோக்கள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. பேரிங் மெல்லியதாகவும் பாதிகளுக்கு நடுவே இடைவெளி குறுகலாகவும் இருந்தால் லேசாகச் சுண்டினாலே திரும்பி வரும், இது ரெஸ்பான்சிவ். இடைவெளி அகலமாக இருந்தால் எவ்வளவு சுண்டினாலும் வராது, இது அன்ரெஸ்பான்சிவ். அதை வரவழைக்கக் கயிற்றை மடித்து இடைவெளிக்குள் ஊட்ட வேண்டும், அந்த உத்திக்குப் பைண்ட் என்று பெயர். புதிதாக வாங்குகிறவர்கள் பளபளவென்று இருக்கிறதே என்று அன்ரெஸ்பான்சிவ் ஒன்றை வாங்கி, கீழே போனது மேலே வரவே மாட்டேன் என்கிறது, பழுது போலிருக்கிறது என்று நினைப்பது சகஜம். பழுது இல்லை, அதன் குணமே அதுதான்.

பாக்கெட்டுக்கு ரெஸ்பான்சிவ்தான் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாக்கெட் யோயோவை எடுக்கிற நேரம் எது? டீக்கு நிற்கும்போது, பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் வரும்வரை, மீட்டிங் தொடங்காத ஐந்து நிமிடம். ஒரு கையில் டம்ளரோ பையோ இருக்கும். பைண்டுக்கு இரண்டு கையும் கவனமும் வேண்டும். ரெஸ்பான்சிவுக்கு ஒரு கை போதும், கண் பஸ் போர்டின் மேலேயே இருக்கலாம்.

சின்னதாக்கினால் என்ன ஆகும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு நிலைமத் திருப்புத்திறன் என்ற சொல் எங்கேயாவது ஞாபகத்தில் இருக்கும். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டவர்களுக்காக: சுழல்கிற பொருள் தன் சுழற்சியை எவ்வளவு பிடிவாதமாக வைத்துக்கொள்ளும் என்பதன் அளவு அது. எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை மையத்தில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே அங்கே பெரிசு, ஏனென்றால் தூரம் வர்க்கமாகப் பெருகுகிறது. பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும்: குண்டாக அகன்ற பம்பரம் நின்று ஆடும், ஒல்லிக்குச்சி சீக்கிரம் சாயும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 56 மி.மீ., 65 கிராம் யோயோ ஒன்றை அப்படியே எல்லாப் பக்கமும் முக்கால் பங்காகச் சுருக்கி 42 மி.மீ. ஆக்குகிறோம் என்று வையுங்கள். எடையை முக்காலால் மூன்று முறை பெருக்க வேண்டும்: 27 கிராம்தான் மிஞ்சும். திருப்புத்திறனை முக்காலால் ஐந்து முறை பெருக்க வேண்டும்: பழையதில் 24 சதவீதம். விட்டத்தில் கால் பங்குதான் எடுத்தோம், சுழற்சியை வைத்துக்கொள்ளும் சக்தியில் முக்கால் பங்கு போய்விட்டது. பத்து ரூபாய் நாணய அளவில் 10 கிராம் சாவிக்கொத்து யோயோ என்றால் அதன் திருப்புத்திறன் முழு அளவு யோயோவினதில் 28-இல் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும். அது ஓரிரு நொடிக்கு மேல் தூங்காததற்கு உங்கள் கை காரணமில்லை.

சரி, சின்னதிலேயே எடையைக் கூட்டிவிட்டால்? செய்யலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு. 44 மி.மீ. யோயோவுக்கு 56-இன் அதே திருப்புத்திறன் வேண்டுமானால், எடையைப் பரப்பியிருக்கிற விதம் மாறாமல் இருந்தால், சுமார் 105 கிராம் வேண்டும். அதைப் பத்து முறை வீசினால் நடுவிரல் சிவந்து கயிற்றுத் தடம் விழுந்துவிடும். ஆகவே எடையைக் கூட்டுவதைவிட, இருக்கிற எடையை விளிம்புக்குத் தள்ளுவதே புத்திசாலித்தனம். நல்ல மினி யோயோவை உற்றுப் பாருங்கள். நடுப்பகுதியில் கப் போலக் குடைந்து எடுத்திருப்பார்கள், விளிம்பு மட்டும் தடிப்பாக இருக்கும். அலுமினிய உடம்பில் எஃகு வளையம் பொருத்தியவையும் கிடைக்கின்றன. பைமெட்டல் என்று விற்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர், கமர்ஷியல் ஸ்ட்ரீட் நடைபாதையில் விற்கும் லைட் எரிகிற பிளாஸ்டிக் யோயோ. பேட்டரி, எல்.இ.டி. எல்லாம் நடுவில். எடை போய் மையத்தில் உட்கார்ந்துகொள்கிறது. குழந்தை இரண்டு நாள் சந்தோஷப்படும், அதில் தப்பில்லை. ஆனால் பாக்கெட்டில் வைத்து விளையாடுகிற சாமான் அல்ல.

எடைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. யோயோ கீழே தொங்கிக் கயிற்றை விறைப்பாக வைத்திருந்தால்தான் அது தூங்கும். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் பொம்மைகளை வைத்துச் சோதனை செய்தபோது ஒரு யோயோவும் மேலே போனது. எடையற்ற நிலையில் அதை மெதுவாகப் போகவிட்டு வரவைக்க முடிந்தது, ஆனால் தூங்க வைக்க முடியவில்லை. 20 கிராம் யோயோவை மொட்டை மாடியில் வீசிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே சங்கடம்தான்: கயிறு முறுக்கிக்கொண்டு சுருளும், காற்றடித்தால் யோயோ பக்கவாட்டில் போகும், விரலில் எதுவும் தொங்குகிற உணர்வே இருக்காது. 35 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள் என்பேன். நாணயக் கணக்கில் ஐந்து.

சாய்வும் இதோடு சேர்ந்ததுதான். வீசும்போது யோயோ நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாய்ந்தால், கயிறு ஒரு பாதியில் உரசி வேகம் சட்டென்று விழும். பெரிய யோயோ இந்தச் சின்னக் குற்றங்களை மன்னித்துவிடும், மினி மன்னிக்காது. போதாக்குறைக்கு மினியைப் பிடிப்பதே ஒரு வித்தை. முழு அளவு யோயோ உள்ளங்கையில் நிறைந்து உட்காரும். 40 மி.மீ. யோயோவைப் பிடித்தால் விரல்கள் அதைத் தாண்டி மடங்கிவிடும், விடுகிற நொடியில் ஏதோ ஒரு விரல் நுனி விளிம்பைத் தட்டும். பழக்கமாகும்வரை இப்படிச் செய்யுங்கள்: உள்ளங்கை மேலே பார்க்கட்டும், கயிறு நடுவிரலில் இருந்து யோயோவின் மேற்புறமாகப் போகட்டும், கட்டைவிரலும் நடுவிரலும் மட்டும் விளிம்பைத் தொடட்டும். மற்ற விரல்களை விலக்கியே வைத்துக்கொண்டு, பைசெப்ஸ் காட்டுவதுபோல் கையை மடக்கி, மணிக்கட்டைச் சுண்டி விடுங்கள்.

பாக்கெட்டுக்கு எது இடைஞ்சல்

பாக்கெட்டில் துருத்திக்கொண்டு நிற்பது விட்டம் அல்ல, அகலம். கையில் இருக்கும் பர்ஸை யோசியுங்கள்; அது யோயோவைவிட நீளமும் அகலமும் அதிகம், ஆனாலும் தட்டையாக இருப்பதால் தெரிவதில்லை. 43 மி.மீ. அகல யோயோவோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் தொடையில் உருண்டையாக அழுத்தும். விட்டம் அதே 50 மி.மீ. இருக்க, அகலம் 30 மட்டும் என்றால் அது பாட்டுக்குப் படுத்துக்கிடக்கும். விட்டத்தைக் குறைத்தால் ஆட்டம் போகிறது, பாக்கெட்டுக்கோ பெரிய லாபமில்லை. அகலத்தைக் குறைத்தால் பாக்கெட்டுக்கு லாபம், தூக்கத்துக்குப் பெரிய நஷ்டமில்லை.

அகலத்தைக் குறைத்தால் நஷ்டம் வேறு இடத்தில் வரும். கயிற்றின் மேல் யோயோவை ஏற்றி நிறுத்துகிற வித்தைகளுக்கு இரு பாதிகளும் வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். பட்டாம்பூச்சி வடிவம் என்பது அதைத்தான். விரிந்த வாய் கயிற்றைத் தானாக நடுவுக்கு வழிநடத்தும். ஒல்லி யோயோவில் அந்த வாய் சின்னது, குறி தப்பும். எனவே கயிற்று வித்தைதான் உங்கள் ஆசை என்றால் 45 மி.மீ. சுமாரில் பட்டாம்பூச்சி வடிவ அண்டர்சைஸ் ஒன்றை வாங்கி, கொஞ்சம் துருத்தினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். யோயோஃபேக்டரியின் பாப்ஸ்டார் இந்த வகையில் ரொம்ப நாளாகப் பேர்பெற்றது. தூங்க வைப்பது, தரையில் ஓட்டுவது, கயிற்றில் தொட்டில் கட்டி ஆட்டுவது இவ்வளவு போதும் என்றால் ஒல்லியே சரி. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு போதும் என்பது என் கட்சி.

பொருள் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.2 கிராம், டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் 1.4, அலுமினியம் 2.7, டைட்டானியம் 4.5, துருப்பிடிக்காத எஃகு 8 சுமார், பித்தளை 8.5. சின்ன இடத்தில் எடை வேண்டும் என்றால் அடர்த்தியான உலோகம் வேண்டும். மினிகளில் பித்தளையும் எஃகும் தலைகாட்டுவது அதனால்தான். ஆனால் அவை பாக்கெட்டில் இருக்கும் போன் கண்ணாடியையும் பதம் பார்க்கும். முதல் யோயோவுக்கு டெல்ரினோ அலுமினியமோ போதும். டைட்டானியம் அழகு, விலை அழகில்லை.

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு மினி யோயோவைக் கொடுத்துப் பாருங்கள், முதலில் ஆட மாட்டார்கள், இரண்டு பாதியையும் கழற்றி அச்சுத் துளை நட்ட நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் பார்வை சரி. துளை மயிரிழை விலகினாலும் சுழலும்போது அதிரும். 65 கிராம் உடம்பு அந்த அதிர்வை விழுங்கிக்கொள்ளும், 35 கிராம் உடம்பு கயிறு வழியாக விரலுக்கே அனுப்பிவிடும். அதனால் மினியில் மட்டமான விலைக்கு ஆசைப்பட வேண்டாம். அதே காசுக்கு முழு அளவில் ஓரளவு நல்ல யோயோ கிடைக்கும்போது, மினியில் சுமாரானதுதான் கிடைக்கும்.

சன்னபட்டணத்து மர யோயோ

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. மைசூர் ரோட்டில் சுமார் 60 கிலோமீட்டரில் சன்னபட்டணம். புவிசார் குறியீடு பெற்ற அரக்குப் பூச்சு மர பொம்மைகளின் ஊர். அங்கே கடைந்த மர யோயோக்களும் கிடைக்கின்றன. எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் சன்னபட்டண பொம்மைகளை வைத்திருப்பார்கள், ஊருக்குப் போக நேரமில்லாதவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் போக முடிந்தால் போங்கள். கடைசலில் வெட்பாலை மரத்துண்டு சுழல, வண்ண அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள்; உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். அப்புறம் தாழை ஓலையை மடித்துப் பிடித்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். பெயின்ட் இல்லை, வார்னிஷ் இல்லை. பாக்கெட்டில் சாவியோடு கிடந்தாலும் இந்த மேல்பூச்சு லேசில் உரிந்து வராது.

வெட்பாலை வெள்ளையான, மென்மையான, கடைவதற்கு வசதியான மரம். பளு குறைவு. ஆகவே மர யோயோவில் மினிக்குப் போகவே போகாதீர்கள், 50 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள். பேரிங் இருக்காது, மர அச்சுதான். தூக்கம் சில நொடிதான், ஆனால் சுண்டினால் நிச்சயம் வரும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். நினைவுப்பொருளாக விற்கிற சிலவற்றில் தடித்த கலர் நூலை அச்சில் இறுக்கி முடிச்சே போட்டிருப்பார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டு, யோயோவுக்கென்றே விற்கும் முறுக்குக் கயிற்றை வாங்குங்கள். அது ஒரே நூல் இரண்டாக மடிந்து முறுக்கியது. அடி நுனியை முறுக்குக்கு எதிராகத் திருப்பினால் வாய் திறக்கும், அந்த வளையத்துக்குள் ஒரு பாதியை நுழைத்து விட்டுவிட்டால் தானே அச்சில் மூடிக்கொள்ளும்.

மர அச்சுக்குப் பருத்திக் கயிறுதான். பாலியஸ்டர் போட்டால் உராய்வுச் சூட்டில் உருகி, எதிர்பாராத நேரத்தில் அறுந்துவிடும். பேரிங் யோயோவுக்குப் பாலியஸ்டர் தாராளமாகப் போடலாம், நீண்ட நாள் உழைக்கும்.

கயிறும் கடையும்

சாவிக்கொத்து யோயோவின் இன்னொரு சங்கடம் கயிறு. ஒரு மீட்டர் சாதாரணக் கயிற்றை பேரிங்கைச் சுற்றிச் சுற்றினால் நடுவில் சுமார் 2 செ.மீ. விட்டத்துக்கு ஓர் உருண்டை சேரும். 27 மி.மீ. யோயோவில் அந்த உருண்டை விளிம்பையே எட்டிப் பார்க்கும். அதனால்தான் அவற்றோடு வருகிற கயிறு இழை மாதிரி மெல்லியதாகவும் முழங்கையளவே நீளமாகவும் இருக்கிறது. கயிறு குட்டை என்றால் சுழற்சி பிடிக்கத் தூரமில்லை. அலங்காரத்துக்குச் சாவியில் தொங்கட்டும்.

முழுக் கயிறு எவ்வளவு நீளம்? யோயோவைத் தரையில் வைத்து, கயிற்றை நேராகத் தூக்கிப் பிடித்து, தொப்புள் உயரத்தில் வெட்டி, விரல் நுழைகிற முடிச்சுப் போடுவது வழக்கம். பாக்கெட் யோயோவுக்கு நான்கு விரற்கடை குறைத்து வெட்டுங்கள். கூட்டத்தில் ஆட வசதி, தரையிலும் இடிக்காது. பெங்களூர் வீடுகளின் கிரானைட் தரையில் விழுந்தால் அலுமினிய விளிம்பில் பல் விழுந்துவிடும், பிறகு அந்தப் பல் கயிற்றை அறுக்கும். அப்படி ஆனால் 1000 நம்பர் எமரித் தாளால் அந்த இடத்தை மட்டும் நீவிவிட்டால் சரியாகிவிடும்.

முடிச்சைப் பற்றி ஒரு சொல். கயிற்றின் மேல் நுனியில் இருக்கும் வளையத்தை அப்படியே விரலில் மாட்டாதீர்கள். அதற்குள் கயிற்றை இழுத்துச் சுருக்குப் போட்டு நடுவிரலில், முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவில் மாட்டுங்கள். நுனி விரல் நீலம் பாரித்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

கடையில் வீசிப் பார்க்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள். மாமூல்பேட்டை மொத்த விலைக் கடைகளில் நிற்கவே இடமிருக்காது. வீசாமலே பார்க்க நிறைய இருக்கிறது. கண்ணாடி மேஜை மேல் இரு விளிம்பும் படும்படி மெல்ல உருட்டுங்கள். நேராக ஓடாமல் ஒரு பக்கம் வளைந்து போனால் பாதிகள் சமமில்லை. இரு பாதிகளையும் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள், கடகடவென்று ஆடினால் வேண்டாம். கயிற்றில் தொங்கவிட்டு விரலால் சுழற்றிவிட்டு விளிம்பை மட்டும் பாருங்கள்: தெளிவான கோடாகத் தெரிந்தால் நல்லது, பட்டையாக மங்கித் தெரிந்தால் அதிரும். கழற்றிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கழற்ற முடியாத யோயோவில் கயிறு உள்ளே சிக்கினால் அதோடு கதை முடிந்தது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் படத்தை நம்பாதீர்கள், எண்களைப் பாருங்கள். விட்டம், அகலம், எடை, பேரிங் அளவு இந்த நான்கும் போடாத விற்பனையாளரை விட்டுத் தள்ளலாம். பேரிங் சி அளவு என்று இருந்தால் உதிரி எங்கும் கிடைக்கும்: வெளி விட்டம் 12.7, உள் விட்டம் 6.35, தடிமன் 4.76 மி.மீ. ஆனால் அந்தத் தடிமனில் இடைவெளி அகலமாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் அது அன்ரெஸ்பான்சிவாகத்தான் இருக்கும். ரெஸ்பான்சிவ் வேண்டும் என்றால் மெல்லிய பேரிங் என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள். மேஜிக்யோயோ போன்ற சீனக் கம்பெனிகள் சில மாடல்களோடு இரண்டு பேரிங்கையும் கொடுக்கிறார்கள். தொடங்கும்போது மெல்லியது, கை பழகியதும் தடித்தது. புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கூடவே கொண்டு போகிறவர்களுக்கு

பாக்கெட்டின் அடியில் சேரும் பஞ்சுதான் பேரிங்குக்கு எமன். புதிதாகக் கழற்றிப் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: குண்டுகளுக்கு நடுவே ஜீன்ஸ் நிறத்தில் நீல இழைகள் சுற்றிக்கிடக்கும், யோயோ கரகரவென்று சத்தம் போடுவது அதனால்தான். பேரிங்கைத் தனியாக எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊற வைத்து, குலுக்கி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெயே போதும். ரெஸ்பான்சிவ் யோயோவுக்கு அது கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லதுதான், பிடிப்பு கூடும். வீட்டில் கைக்கு எட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும், பெங்களூர் மார்கழிக் காலையில் உங்கள் பேரிங் அசையாது.

பஞ்சைத் தவிர்க்க எளிய வழி, பாட்டிகள் இடுப்பில் செருகுகிற சுருக்குப் பை. அல்சூர் மார்க்கெட்டில் பூஜை சாமான் கடைகளில் துணிச் சுருக்குப் பைகள் தொங்கும், 50 மி.மீ. யோயோவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். போன் கண்ணாடியும் தப்பிக்கும், கயிறும் சாவியில் சிக்காது. பையில் போடும் முன் கயிற்றை முழுக்கச் சுற்றி, விரல் வளையத்தை இடைவெளிக்குள் அழுத்திச் செருகிவிடுங்கள்.

எங்கே ஆடலாம் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மெட்ரோ பெட்டிக்குள்ளும் பிளாட்பாரத்திலும் வேண்டாம். எஃகு, பித்தளை யோயோக்கள் மெட்ரோ நுழைவாயில் ஸ்கேனரில் கெட்டியான உருண்டையாகத் தெரியும் என்பதால் காவலர் பையைத் திறக்கச் சொல்லக்கூடும். "யோயோ சார், ஆடிகெ" (விளையாட்டுச் சாமான்) என்று கன்னடத்தில் சொல்லிக் காட்டினால் போதும். ஏரிக்கரை, மொட்டை மாடி, ஆபீஸ் பார்க்கிங் எல்லாம் நல்ல இடங்கள். முழு வட்டம் அடிக்கிற வித்தையை ஆள் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும், கயிறு பழசானால் அங்கேயும் வேண்டாம். வட்டத்தின் நடுவில் கயிறு அறுந்தால் சின்ன உலோகத் துண்டு எதிரே இருப்பவர் பல்லைப் பெயர்க்கிற வேகத்தில் போகும்.

குழந்தைக்கு வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு கொஞ்சம் மாறும். எட்டு வயதுக் கைக்கு 50 மி.மீ. யோயோ, பெரியவர் கைக்கு 57 எப்படியோ அப்படி நிறைவாக உட்காரும். ஆகவே சின்னக் கை, சின்ன யோயோ என்று மினிக்கு இறங்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் ரெஸ்பான்சிவ் 50 மி.மீ., எடை 45 கிராம் சுமார், கயிறு அவர்கள் தொப்புள் உயரம். "அண்ணா, எனக்கும் மெட்டல்தான் வேணும்" என்று பக்கத்து வீட்டுப் பையன் அடம்பிடித்தால் கயிற்றைத் தொட்டில் கட்டி ஆட்டக் கற்றுக்கொள்ளும்வரை தள்ளிப் போடுங்கள். அதற்குள் தரையில் எத்தனை முறை இடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கயிறு மட்டும் ஐந்தாறு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் பருத்திக் கயிறு ஒரு வாரம் தாண்டுவது அபூர்வம்.